பிக்கிள் சாப்பிட்டதாக நான் எழுதியது

1

முசரவாக்கம் பள்ளிக்கூடத்தில் என் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு, உங்கள் சத்துணவு ஆயா எழுதுவது. எல்லோரும் பிள்ளைகுட்டியோடு நல்லா இருக்கணும். சாப்பிட்டீங்களா என்று மட்டும் இந்தத் தடவை கேட்கமாட்டேன். ஏன் கேட்கலை என்று போகப் போகத் தெரியும்.

நான் டுனீடன் வந்து இன்றோடு ரெண்டு வருஷம். நியூசிலாந்து தேசத்தில் தெற்குக் கோடியில் இருக்கிற ஊர் இது. இன்னும் தெற்கே போனால் வெறும் பனிக்கட்டிதான் என்கிறாள் கிரேஸ். கிரேஸ் என் ஒரே மகள், உங்களில் சில பேரோடு படித்தவள், இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். 'வெளிநாட்டு அனுபவத்தை எழுது ஆயா' என்று போன் குரூப்பில் ஆளாளுக்குக் கேட்டுக்கினே இருக்கீங்க. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். மலையும் கடலும் நீங்கள் போட்டோவில் பார்த்தாச்சு. நான் எழுதப்போவது ஒரு நாய்க்குட்டி சோறு தின்னாத கதை. ரெண்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய அனுபவம் அதுதான்.

அதற்கு முன்னால் ஏர்போர்ட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேலைக்கு ஆகும். என்னைக் கூட்டி வர கிரேஸே ஊருக்கு வந்திருந்தாள். இறங்கும்போது ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். சாப்பாட்டுச் சாமான் ஏதாவது வைத்திருக்கிறாயா, ஆமாம் என்றால் ஒரு கட்டம், இல்லை என்றால் ஒரு கட்டம். என் பெட்டியில் துணியைவிட மிளகாய்த்தூளும் வடகமும் காய்ந்த கறிவேப்பிலையும்தான் அதிகம். 'இல்லை'யில் பேனாவை வைத்தேன். கிரேஸ் கையைப் பிடித்துவிட்டாள்.

"இன்னாம்மா பண்ற? ஆமான்னு போடு."

"போட்டா எடுத்துக்குவாங்களே."

"எடுத்துக்கட்டும். இந்த ஊர்ல ஃபாரத்துல மட்டும் பொய் எழுதாதம்மா."

ஆமாம் என்று போட்டேன். ஒரு அம்மா கையுறை போட்டுக்கினு பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்து, கறிவேப்பிலையை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டாள். கறிவேப்பிலைக்காக ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். மகள் சொன்னதை மனதில் தூக்கி வைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

2

எங்கள் வீடு ஒரு மேட்டின் மேல் இருக்குது. தெருவே ஏணி மாதிரி நிற்கும். கிரேஸ் காலையில் ஆறரைக்குப் போனால் திரும்ப நாலு மணி ஆகும். அதுவரைக்கும் நானும் சுவரும்தான். பக்கத்து வீட்டுக்காரர்கள் நல்லவர்கள். பார்த்தால் கையைத் தூக்குவார்கள், நானும் தூக்குவேன். ரெண்டு வருஷமாக அவ்வளவுதான் பேச்சு.

சமைக்கலாம் என்றால் சாப்பிட ஆள் இல்லை. எண்பது தொண்ணூறு பிள்ளைக்கு அண்டாவில் கிளறின கைக்கு ஒரு டம்ளர் அரிசி போட்டால் அளவே பிடிபடாது. கிரேஸ் வேலைக்குப் போகும்போது டப்பாவில் போட்டுக்கொள்வாள். வீட்டில் தட்டு போட்டு உட்காரமாட்டாள். நான் குழம்பு ஊற்றி மேசையில் வைத்து எதிரில் உட்கார்ந்தால், "வெச்சுடும்மா, அப்புறமா சாப்டறேன்" என்பாள். அப்புறம் எப்போதாவது சிங்க் பக்கமாகத் திரும்பி நின்று, ஜன்னலைப் பார்த்துக்கினு நாலு வாய் போட்டுக்கொள்வாள். முப்பத்தி நாலு வயசு, உடம்பில் ஒட்டினது தோல் மட்டும்தான். நின்றுக்கினு சாப்பிடுவது இந்த ஊர்ப் பழக்கம் போல என்று விட்டுவிட்டேன். தமிழிலேயே பேசினாலும் பாதி நாள் அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குப் பிடிபடுவதில்லை. நர்ஸ் வேலை அப்படி இருக்கும் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

நான் சுவரைப் பார்த்துக்கினு இருக்கிறேன் என்றுதான் அவள் நாய்க்குட்டி வாங்கி வந்தாள். சுருட்டை முடி, தொங்கல் காது, கையகல உடம்பு. பேர் பிக்கிள். பிக்கிள் என்றால் ஊறுகாய். நாய்க்கு ஏன் ஊறுகாய் என்று பேர் வைத்தாய் என்று கேட்டேன், முன்னாலேயே வைத்த பேராம்.

நான் இந்த நாட்டில் இருக்க எத்தனை தாள் கொடுத்தோம் தெரியுமா. எக்ஸ்ரே, ரத்தம், நான் யாரையும் அடிக்கவில்லை என்று போலீஸ் சீட்டு. ரேஷன் கார்டில் என் பேர் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் வேறு மாதிரி, ரெண்டும் ஒரே பொம்பளைதான் என்று எழுதி ஒரு சீட்டு. பிக்கிளுக்குக் கழுத்தில் ஊசி போட்டு, அடையாளத்துக்கு அரிசி அளவு ஒரு சாமானை உள்ளே வைத்தார்கள், முனிசிபாலிடியில் பேரை எழுதிக் கழுத்துக்கு ஒரு வில்லை கொடுத்தார்கள், முடிந்தது. ஒரே வாரத்தில் அது இந்த ஊர்க்குடி ஆகிவிட்டது. சரி, அதற்கு எல்லாத் தாளிலும் ஒரே பேர்.

எல்லாம் கிடைத்த பிள்ளை சோறு மட்டும் தின்னலை.

3

கடையில் விற்கிற உருண்டைத் தீனியை வைத்தோம், மோந்து பார்த்துவிட்டு சோபாவுக்கு அடியில் போய்விட்டது. வெந்நீரில் ஊற வைத்தோம். அதற்கும் அதே மரியாதை.

"வுடு கிரேஸு. முப்பத்தோரு வருஷம் ஊர்ப் பிள்ளைங்களையே துன்ன வெச்சவ நான். இந்தக் கையகலக் குட்டி எனக்கு ஒரு பெரிய விஷயமா?" என்றேன்.

இப்போது எழுதும்போது கை கூசுது. அன்றைக்குக் கூசலை. அதே தைரியத்தோடு ஊருக்கும் போன் போட்டு என் நாத்தனார் செல்வராணியிடம் சொன்னேன். "அண்ணி, நாய்க்குக் கூட நீதான் சமைக்கணுமா அங்க?" என்று அவள் சிரித்தாள். "நீ பாரு, ஒரே வாரம்" என்றேன்.

கோழியை வேகவைத்து, பூசணிக்காய் மசித்து, சோற்றோடு பிசைந்து, மேலே நாலு உருண்டையைத் தூவி வைத்தேன். உப்பு போடக்கூடாது, வெங்காயம் பூண்டு காட்டவே கூடாது என்று கிரேஸ் சொல்லியிருந்தாள். உப்பில்லாத சோற்றை என் வயசில் இப்போதுதான் கிளறினேன். வைத்துவிட்டு அதன் எதிரிலேயே குந்தினேன். பள்ளிக்கூடத்தில் நான் எப்படிப் பிள்ளைகளைச் சாப்பிட வைப்பேன் என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கரண்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நடப்பேன். எவன் தட்டில் சோறு நிற்கிறதோ அவன் எதிரில் நானும் நிற்பேன். தட்டு காலியாகிற வரைக்கும் நகரமாட்டேன்.

பிக்கிள் தட்டைப் பார்த்தது. என் முகத்தைப் பார்த்தது. மறுபடி தட்டைப் பார்த்தது. அப்புறம் கடன் கேட்க வந்தவனைப் பார்த்த மாதிரி மெதுவாகப் பின்னுக்கு நகர்ந்து சோபாவுக்கு அடியில் போனது. நானும் தட்டைத் தள்ளிக்கொண்டு சோபா வரைக்கும் போனேன். அது அந்தப் பக்கமாக வெளியே வந்தது. தறியில் நாடா போகிற மாதிரி அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஓட, நான் தட்டோடு பின்னாலேயே போக, முட்டி ரெண்டும் போனதுதான் மிச்சம்.

நாலு நாள் பார்த்துவிட்டு நாய் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வயசான டாக்டரம்மா, சிரித்த முகம். எனக்கும் நாலு வார்த்தை இங்கிலீஷ் வரும் என்று காட்டவேண்டாமா? இந்தக் குட்டி என் உயிரை வாங்குது என்று சொல்ல நினைத்து, "டாக்டர், திஸ் டாக் டேக்கிங் மை லைஃப்" என்றேன். டாக்டரம்மா பயந்துபோய் என் கையைத் திருப்பித் திருப்பி, கடித்திருக்கிறதா என்று பார்த்தாள். கிரேஸ் விளக்கிச் சொல்வதற்குள் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வந்துவிட்டது.

குட்டிக்கு ஒரு நோயும் இல்லை, பிகு பண்ணுகிறது, அவ்வளவுதான் என்றாள். எடை நாலு கிலோ. என் சமையலையே கொடுக்கலாம். மூன்று வேளையும் தட்டை வைத்துப் பதினஞ்சு நிமிஷத்தில் எடுத்துவிடணும். எவ்வளவு சாப்பிட்டது என்று ஒவ்வொரு வேளையும் ஒரு சீட்டில் டிக் போடணும். வாராவாரம் வீட்டில் எடை பார்க்கணும். மூன்று வாரம் கழித்துச் சீட்டோடு வரணும். சீட்டில் மூன்று படம் இருந்தது. முழுசும் சாப்பிட்டது, பாதி சாப்பிட்டது, சாப்பிடவே இல்லை.

கிரேஸ் அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, நூலில் ஒரு பேனாவையும் கட்டித் தொங்கவிட்டாள்.

4

மறுநாள் காலை கிரேஸ் கிளம்பிப் போனபின் தட்டை வைத்தேன். பதினஞ்சு நிமிஷம் எதிரிலேயே குந்தியிருந்தேன். பிக்கிள் ஒரு கோழித்துண்டை நக்கிவிட்டு வைத்துவிட்டது. அவ்வளவுதான்.

தட்டை எடுத்தேன். பேனாவையும் எடுத்தேன். 'சாப்பிடவே இல்லை' படத்துக்கு நேராகக் கையைக் கொண்டுபோனேன். கை போகலை.

நம்ம சாப்பாட்டுக் கூடத்து வாசலில் ஒரு கரும்பலகை இருந்ததே, ஞாபகம் இருக்கா? வந்தவர்கள் எண்பத்தி நாலு, சாப்பிட்டவர்கள் எண்பத்தி நாலு. முப்பத்தோரு வருஷமும் மேல் வரியும் கீழ் வரியும் ஒன்றாகவே இருந்தது. அமைப்பாளர் டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, "என்னம்மா, எல்லாரும் சாப்டாங்களா?" என்று அடுப்படிக்கு முகத்தை நீட்டுவார். "எழுதுங்க டீச்சர், என் சோத்த எவன் வெப்பான்" என்பேன். ஒரு நாள் கூட நான் வேறு பதில் சொன்னதில்லை. நாலு கிலோ நாய்க்குட்டிக்காக இந்த வயசில் வேறு பதில் எழுதுவதா?

முழுசும் சாப்பிட்டதாக டிக் போட்டேன். மத்தியானம் தின்னும், அதை இப்போதே எழுதி வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானமும் அது தின்னலை. மத்தியானத்துக்கும் டிக் போட்டேன்.

இனி தட்டில் இருக்கிற சோற்றை என்ன செய்வது? குப்பையில் கொட்ட எனக்கு மனசு வராது. வெளியே வைத்தால் கிரேஸ் பார்த்துவிடுவாள். தட்டில் நக்கின பக்கத்தை மட்டும் ஒதுக்கினேன். உருண்டைகளைப் பொறுக்கி, துடைத்து, தீனி டப்பாவில் திரும்பப் போட்டேன். மீதியை நின்றபடியே நான் சாப்பிட்டுவிட்டேன். நீங்கள் இப்போது சிரிப்பது எனக்குக் கேட்குது. சிரியுங்கள். உப்பு இல்லையே தவிர பக்குவம் நன்றாகத்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டையும் என் சாப்பாட்டோடு சேர்த்துக்கொண்டேன்.

பிக்கிள் ஒரேயடியாகப் பட்டினி கிடக்கலை. நான் துணி காயப்போடக் கொல்லைப் பக்கம் போனால், திரும்ப வரும்போது தட்டில் ஒரு ஓரம் குறைந்திருக்கும். என் சோற்றின் வாசனை மெல்ல வேலை செய்யுது என்று சந்தோஷமாகத் திரும்பவும் போய் எதிரில் குந்துவேன். உடனே நிறுத்திவிடும்.

ஞாயிற்றுக்கிழமை எடை. குட்டியைத் தனியாக மெஷினில் நிற்க வைத்தால் நிற்காது. அதனால் கிரேஸ் ஒரு வழி பண்ணினாள். முதல் நாளே என்னை மட்டும் ஏற்றி எடை பார்த்துக்கொண்டாள், ஐம்பத்தெட்டு. அப்புறம் வாராவாரம் குட்டியைத் தூக்கிக்கொண்டு நான் ஏறுவேன், அவள் அதிலிருந்து ஐம்பத்தெட்டைக் கழிப்பாள். முதல் வாரம் அறுபத்தி ரெண்டரை.

"நாலரை கிலோம்மா. அரை கிலோ ஏறியிருக்குது."

அடுத்த வாரம் அறுபத்தி மூணு. கிரேஸ் ஃப்ரிட்ஜ் கதவுக்கு முன் நின்று, வரிசையாக இருந்த டிக்குகளை மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தாள். அப்புறம் என் தோளில் கையைப் போட்டு, "உன் கை கைதாம்மா" என்றாள். அவள் அப்படிச் சொல்லி எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று யோசித்தேன், பிடிபடலை. அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் மூன்று மாசம் உப்பில்லாத சோறு தின்னத் தயாராக இருந்தேன்.

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? மெஷின் சொன்னதை நானும் நம்பினேன். தின்னாத குட்டி எப்படி ஏறுது என்று எனக்குத் தோணலை. என் கைபட்ட சோற்றை நக்கினாலே ஏறும் போல என்று நினைத்தேன். ஜாக்கெட் எல்லாம் பிடிக்குது, இந்த ஊர் வாஷிங் மெஷின் துணியைச் சுருக்குது என்று கிரேஸிடம் புகார் வேறு சொன்னேன். அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து நம்ம குரூப்பில் போட்டதும் அந்த வாரம்தான். கைதட்டுகிற படமாக அனுப்பித் தள்ளினீங்க. 'ஆயா கைன்னா சும்மாவா' என்று யாரோ எழுதியிருந்தீங்க. அந்தக் கைதட்டை எல்லாம் இப்போது திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்.

5

மூன்றாவது ஞாயிறு மெஷின் அறுபத்தி மூணரை காட்டியது. மூன்று வாரம் முடிந்து சீட்டோடு போனோம். டாக்டரம்மா பிக்கிளை மேசையில் இருந்த தராசில் வைத்தாள். முள் நிற்கிற வரைக்கும் பார்த்தாள். இறக்கி மறுபடி வைத்தாள். மூணே முக்கால்.

"வீட்ல அஞ்சரை காட்டுச்சே" என்று கிரேஸ் இங்கிலீஷில் சொன்னது எனக்கே புரிந்தது. டாக்டரம்மா சீட்டை வாங்கிப் பார்த்தாள். இருபத்தோரு நாள், நாளைக்கு மூன்று வேளை, அறுபத்தி மூன்று டிக். எல்லாம் ஒரே படத்துக்கு நேராக, ஒரே வரிசையில். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. குட்டியின் வயிற்றை அங்கங்கே அழுத்திக்கினே நிறைய பேசினாள். கிரேஸ் கேட்டுக்கினே இருந்தாள். அவள் முகம் மாறிக்கினே வந்தது. அவளுடைய அப்பாவைக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த கடைசி வாரத்தில் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

"இன்னா சொல்றாங்க?"

"மெஷின வுடும்மா, அது பழசு. மூணு வேளையும் முழுசா சாப்டுட்டு இப்படி இறங்குதுன்னா உள்ள ஏதோ பெரிய கோளாறு இருக்குதாம். குடல்ல ஏதாவது அடைச்சிருக்கலாம். இன்னிக்கே மயக்க மருந்து குடுத்து கேமரா வுட்டுப் பார்க்கணும். தேவைப்பட்டா..." அவள் தன் வயிற்றின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

"அறுத்துருவாங்களா?"

"இத்தினி குட்டிக்கு மயக்க மருந்தே ரிஸ்க்கும்மா. ஆனா வேற வழி இல்ல."

டாக்டரம்மா ஒரு ஃபாரத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கிரேஸ் பேனாவைத் திறந்தாள். பிக்கிள் மேசை மேல் உட்கார்ந்து, தட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்குமே, அதே பார்வையாக என்னைப் பார்த்தது. அதுவும் நானும் மட்டும்தான் விஷயம் தெரிந்தவர்கள். அதற்குச் சொல்ல வாய் இல்லை. வாய் இருக்கிறவள் நான்.

சொன்னால் என் முப்பத்தோரு வருஷத்துப் பேர் போய்விடும் என்று அந்த நேரத்திலும் ஒரு கணக்கு ஓடியது. உண்மையாகவே ஓடியது, மறைக்க மாட்டேன். கிரேஸ் கையெழுத்தில் முதல் எழுத்தை எழுதிவிட்டாள்.

"கிரேஸு, போடாத."

"ஏம்மா?"

"அது சாப்புடல."

"காலையிலயா?"

"காலையிலயும் சாப்புடல."

"நேத்து?"

"நேத்தும் சாப்புடல. முந்தா நேத்தும்தான்."

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப இது?"

"நானே போட்டது."

"தட்டு காலியா இருந்துச்சேம்மா? தெனம் நான் வந்து பாக்கறேனே. அந்தச் சோறெல்லாம் எங்க போச்சு?"

நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டேன்.

கிரேஸ் டாக்டரம்மாவிடம் மெதுவாகச் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கினு நின்றேன். டாக்டரம்மா சிரிக்கலை. சுவர் ஓரமாகப் பெரிய நாய்களை நிறுத்துகிற எடைப் பலகை ஒன்று கிடந்தது. அதைக் காட்டி என்னை ஏறச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். ஐம்பத்தொன்பதே முக்கால்.

அவள் என்னவோ சொன்னாள். கிரேஸ் வாயைக் கையால் மூடிக்கொண்டு தமிழில் சொன்னாள். "நீ நல்லா தேறி வரியாம்."

ஃபாரத்தைக் கிழித்துப் போட்டார்கள். மயக்க மருந்து இல்லை, கத்தி இல்லை. ஒரு வாரம் பார்த்துவிட்டு வரச் சொல்லி, புதுசாக ஒரு சீட்டைக் கொடுத்தாள் டாக்டரம்மா. இந்தத் தடவை என்னிடம் கொடுக்கலை, கிரேஸிடம் கொடுத்தாள்.

6

காரில் பிக்கிள் என் மடியில் தூங்கியது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்துக்கினு இருந்தேன். கடல் தெரிகிற வளைவில் கிரேஸ் வண்டியை ஓரம் கட்டினாள்.

"ம்மா, அந்த போர்டுல எண்பத்தி நாலுன்னு எழுதுவாங்க இல்ல?"

"ம்."

"எண்பத்தி மூணும்மா."

எனக்கு விளங்கலை.

"என் தட்டு எந்த நாளும் காலியானதில்ல. நீ அந்தப் பக்கம் திரும்பனதும் பாதிய பக்கத்துல இருக்கறவ தட்டுல தள்ளிடுவேன். மீதிய பாவாடையில மூடி எடுத்துக்கினு போயி தண்ணித் தொட்டிக்குப் பின்னால காக்காக்குப் போட்டுடுவேன்."

"என் சோறு நல்லா இல்லியா உனக்கு?"

"சோறு நல்லாத்தான் இருக்கும். நீ எல்லார் எதிர்லயும் ஒரு நிமிஷம் நின்னா என் எதிர்ல அஞ்சு நிமிஷம் நிப்ப. ஒவ்வொரு வாயையும் பாப்ப. நீ பாக்கறன்னு எல்லாப் பசங்களும் பாக்கும். உள்ள எறங்காதும்மா. தொண்டையிலயே நிக்கும்."

அவள் ஒல்லியாக இருக்கிறாளே என்று அந்தக் காலத்தில் பஸ் ஏறிக் காஞ்சிபுரம் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினேன். ஊரில் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளை என் பிள்ளைதான், ஆனால் உடம்பில் ஒட்டலை, வயிற்றில் பூச்சிதான் இருக்கணும் என்று நானே டாக்டருக்குச் சொன்னேன். மருந்து எழுதிக் கொடுத்தார். மூக்கைப் பிடித்து ஊற்றினேன். ஒரு பாட்டில் இல்லை, மூன்று பாட்டில்.

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?" என்றேன்.

"சொல்லியிருந்தா போர்டுல எண்பத்தி மூணுன்னு எழுத வுட்டிருப்பியா நீ?"

வுட்டிருக்க மாட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

"அந்த மருந்து எவ்ளோ கசக்கும் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். வீடு வருகிற வரைக்கும் நான் ஒன்றையேதான் நினைத்துக்கினு வந்தேன். சிங்க் பக்கமாகத் திரும்பி நிற்கிற முதுகு. நின்றுக்கினு சாப்பிடுவது இந்த ஊர்ப் பழக்கமே இல்லை. என் கண்ணுக்கு முதுகைக் காட்டித்தான் அவள் சாப்பிட்டுக்கினு இருந்திருக்கிறாள்.

7

அன்றைக்குச் சாயங்காலம் கோழிச் சோறு பிசைந்து தட்டை வைத்தேன். எதிரில் குந்தலை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஜன்னலைப் பார்த்து, தட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

முப்பத்தோரு வருஷம் தட்டைப் பார்த்தே பழகின கழுத்து. அதை நேராக வைத்திருப்பது அண்டா தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதலில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் நகம் தரையில் தட்டுகிற சத்தம். மோந்து பார்க்கிற சத்தம். அப்புறம் தட்டு தரையில் கொஞ்சம் நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. சளக் சளக் என்று தின்கிற சத்தம் கேட்டது. திரும்பிவிடுவோமோ என்று ரெண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில் கிரேஸ் சமையலறைக்குள் வந்தாள். குழம்புச் சட்டியின் மூடி திறந்தது. தட்டு எடுக்கிற சத்தம், கரண்டி சத்தம். அவள் சிங்க் பக்கம் போவாள் என்று நினைத்தேன். போகலை. என் பின்னாலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"திரும்பாதம்மா."

"நான் எங்க திரும்பினேன்."

"கழுத்து அசையுது."

"அது குளிருக்கு."

என் முதுகுக்குப் பின்னால் ரெண்டு சத்தம். ஒன்று நாய், ஒன்று மகள். எதிர் வீட்டில் விளக்கு ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஜன்னலில் பார்த்துக் கையைத் தூக்கினார். ரெண்டு கையும் முக்காலியில் மாட்டிக்கொண்டிருந்தது, தலையை ஆட்டி வைத்தேன்.

பதினஞ்சு நிமிஷம் ஆனபின் எழுந்து பிக்கிளின் தட்டைப் பார்த்தேன். பாதி இருந்தது. கிரேஸ் பேனாவை என்னிடமே நீட்டினாள். பாதிப் படத்துக்கு நேராக டிக் போட்டேன். டிக் கோணலாகத்தான் விழுந்தது. பிள்ளைகளே, என் வாழ்நாளில் நான் எழுதின முதல் பாதி அது. உங்களில் யார் யார் தண்ணித் தொட்டிக்குப் பின்னால் போனீங்க என்று குரூப்பில் எழுதவேண்டாம். எண்பத்தி மூணோடு நிற்கட்டும்.

மீதிப் பாதியை நான் சாப்பிடலை. மூடி ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

கிரேஸின் தட்டில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் திரும்புவதற்குள் அவளே கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டாள். ஈரம் சொட்டிக்கினு இருந்தது. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கலை.